பாதி ராத்திரியில் அட்டை வெட்டும் படிப்பு

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பி.ஆர்க். என்கிற கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்துவிட்டார். "புக்கு வாங்கு, நோட்டு வாங்குன்னு ஒண்ணும் கேக்கல. ராத்திரி ஒரு மணி வரைக்கும் அட்டை வெட்டிக்கினு இருக்கா. காலையில அதைத் தூக்கிக்கினு போறா. சாயந்திரம் வந்து மறுபடி வேற அட்டை. இது இன்னா படிப்பும்மா?"

நானும் அதைப் படித்துவிட்டு, இப்போது காட்பாடிப் பக்கம் வீடுகளுக்கு பிளான் போட்டுப் பிழைப்பவள்தான். என் அப்பா இதே கேள்வியை ஐந்து வருடம் கேட்டார். ஒரு தடவைகூட நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "சப்மிஷன் இருக்குப்பா" என்று கதவைச் சாத்திக்கொள்வேன். அந்தக் கடனை அந்த அம்மாவிடம் கொஞ்சம் அடைத்தேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

சேர்க்கை விவரத்தை முதலில் முடித்துவிடலாம். பி.ஆர்க். ஐந்து வருடம், பத்து செமஸ்டர். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நாட்டா நுழைவுத் தேர்வுக்கு 200, ஆக 400-க்குத் தரவரிசை. படித்து முடித்து கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தால்தான், 1972-ஆம் வருடச் சட்டப்படி, ஆர்க்கிடெக்ட் என்று பெயரோடு போட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் எங்கே கேட்டாலும் சொல்வார்கள். ஸ்டூடியோவுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஸ்டூடியோ என்பது கூடத்துக்கும் பெயர், பாடத்துக்கும் பெயர். கூடம் என்றால் நீளமான ஹால், ஆளுக்கொரு வரைபலகை, மூலையில் யாருடையதோ என்று தெரியாத பழைய மாடல்கள், தரையெல்லாம் காகிதச் சீவல். பாடம் என்றால், கட்டமைப்பு, வரலாறு, கட்டுமானம், தட்பவெப்பம் எல்லாம் டைம்டேபிளில் ஒரு மணி, இரண்டு மணி என்று வந்துபோக, டிசைன் ஸ்டூடியோ மட்டும் மதியம் முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான கல்லூரிகளில் மதிப்பெண்ணிலும் அதுதான் கனம். ஆனால் அங்கே யாரும் வந்து பாடம் நடத்த மாட்டார்கள். செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதற்கு பிரீஃப் என்று பெயர். இன்ன இடத்தில், இன்னாருக்கு, இவ்வளவு அறைகளோடு ஒரு கட்டடம் வேண்டும் என்று அதில் இருக்கும். அப்புறம் நாலு மாதம், அந்த ஒரே கட்டடத்தைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இது சட்டென்று புரியும். புது மாடல் ஷூவுக்கு பேட்டர்ன் வெட்டுகிறவர் ஒரே தடவையில் வெட்டி முடிப்பதில்லை. அட்டையில் வெட்டி, தோலில் எடுத்து, தைத்து, கால் வடிவக் கட்டையில் ஏற்றிப் பார்ப்பார். ஒரு பக்கம் சுருக்கம் விழும். இரண்டு மில்லிமீட்டர் குறைத்து மறுபடி வெட்டுவார். எங்கே சுருக்கம் விழும் என்று எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லியிருக்காது. ஏற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார். கட்டடத்தை அப்படி ஏற்றிப் பார்க்கக் கட்டை கிடையாது. அதனால் காகிதத்திலும் அட்டையிலும் ஏற்றிப் பார்க்கிறோம்.

முதல் வருடம் கட்டடமே கிடையாது

சேர்ந்த உடனே வீடு வரையச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் போகிறோம். முதல் செமஸ்டரில் கொடுப்பது புள்ளியும் கோடும். வெள்ளைத் தாளில் கறுப்புச் சதுரம் ஐந்தை வைத்து 'நெருக்கம்' என்று காட்டு, அதே ஐந்தை வைத்து 'ஓட்டம்' என்று காட்டு. அடுத்த வாரம் அதையே அட்டையில் நிமிர்த்திக் காட்டு. இதற்கு பேசிக் டிசைன் என்று பெயர். ஜெர்மனியில் வைமார் நகரில் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் ஜொஹான்னஸ் இட்டென் நடத்திய ஆரம்பப் பயிற்சியின் பேரப்பிள்ளை இது. "அஞ்சு சதுரத்தை ஒட்றதுக்கா பணம் கட்டினேன்?" என்று அப்பா கேட்டார். வாசலில் பாட்டி புள்ளி வைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். புள்ளிக்கு நடுவில் எவ்வளவு இடம் விட்டால் இழை முட்டாமல் திரும்பும் என்று அவள் கைக்குத் தெரிந்தது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. அதனால் அப்பாவிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை. நல்ல பதில் எல்லாம் பத்து வருடம் கழித்துத்தானே வருகிறது.

அதே வருடம் அளக்கவும் கற்றுக்கொடுப்பார்கள். முதலில் நம்மையே. நின்றால் கண் மட்டம் எவ்வளவு, கையை நீட்டினால் எது வரை எட்டும், உட்கார்ந்தால் முட்டி எத்தனை உயரம். சாணும் முழமும் வைத்து வீடு கட்டிய ஊரில் இது புதிதல்ல, சென்டிமீட்டரில் எழுதுகிறோம், அவ்வளவுதான். நாற்காலி, திண்ணை எல்லாம் 45 சென்டிமீட்டர் உயரத்தைச் சுற்றியே இருக்கும். படி ஒன்று 15 உயரம், 30 அகலம் இருந்தால் கால் தானாக ஏறும். இந்த எண்களை மனப்பாடம் செய்து பயனில்லை. போகிற இடமெல்லாம் டேப்பை நீட்டிப் பார்த்தால்தான் ஒட்டும்.

எங்களை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை அளக்க அனுப்பினார்கள். பதினாறாம் நூற்றாண்டு விஜயநகரக் கால வேலை. பாய்கிற குதிரைமேல் வீரன் உட்கார்ந்திருக்கும் தூண்கள். அதைப் போய் டேப் வைத்து அளப்பது யானையை முழம் போடுகிற கதை. ஏப்ரல் வெயிலில் வெளிப் பிராகாரத்துக் கல்லில் காலை வைக்க முடியாது, ஓடித்தான் கடக்க வேண்டும். மண்டபத்துக்குள் காலை வைத்தால் அதே கல் குளிர்ந்து கிடக்கும். ஒரே கல், வெயிலில் நின்றால் ஒன்று, நிழலில் நின்றால் வேறொன்று. தட்பவெப்ப வகுப்பில் ஒரு செமஸ்டர் கேட்டதைவிட அந்த எட்டு அடி ஓட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கத்தரிக்காயை வெட்டிப் பார்த்தால்

பிளான், செக்‌ஷன், எலிவேஷன். இந்த மூன்று சொல்லும் புரிந்தால் ஸ்டூடியோப் பேச்சில் பாதி புரிந்துவிடும்.

நம் ஊர் முள்ளு கத்தரிக்காய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடிக் காயாகவே இருக்கட்டும். காம்பு மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்து, கத்தியைப் படுக்கையாகப் பிடித்துக் குறுக்கே வெட்டி, மேல்பாதியை எடுத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் தெரிவது பிளான். வட்டமும் உள்ளே விதை எங்கெங்கே இருக்கிறது என்பதும் தெரியும். காயின் உயரம் தெரியாது. இன்னொரு காயைக் காம்பிலிருந்து நேராகக் கீழே வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் அது செக்‌ஷன். உயரம், தோலின் கனம், உள்ளே புழு போன வழி எல்லாம் தெரியும். வெட்டாமல் வெளியே நின்று பார்ப்பது எலிவேஷன். கடைக்காரர் காட்டுவது எப்போதும் எலிவேஷனைத்தான்.

கட்டடத்தில் அந்தப் படுக்கை வெட்டு தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். அப்போதுதான் ஜன்னலும் கதவும் அந்த வெட்டில் மாட்டும். வீடு கட்டுகிறவர்கள் பிளானை மட்டும் பார்த்துத் தலையாட்டுவார்கள். படி ஏறும்போது உத்தரத்தில் தலை இடிக்குமா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், மாலை வெயில் கட்டில் வரை வருமா என்பதெல்லாம் செக்‌ஷனில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், பிளானில் பொய் சொல்லலாம், செக்‌ஷனில் சொல்ல முடியாது.

அப்புறம் ஸ்கேல். 1:100 என்றால் நிஜத்தில் ஒரு மீட்டர், தாளில் ஒரு சென்டிமீட்டர். 1:50-இல் அதுவே இரண்டு சென்டிமீட்டர். பெரிய தாளில் வரைந்தால் அதிக விவரம் வரும் என்பது மட்டுமில்லை. 1:500-இல் வரையும்போது மரமும் தெருவும்தான் யோசிக்க முடியும். 1:20-க்கு வந்தால் ஜன்னல் கம்பியை யோசிக்காமல் தப்பிக்க முடியாது. ஸ்கேல் மாறினால் கேள்வி மாறும். அதனால்தான் ஒரே கட்டடத்தை அத்தனை அளவில் வரையச் சொல்கிறார்கள்.

ஒரு பிரீஃப், ஒரு சந்து

மூன்றாம் வருடத்தில் எங்களுக்கு வந்த பிரீஃப் இது: சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகளோடு துணைக்கு வருகிறவர்கள் தங்க 24 அறைகள், பொதுச் சமையலறை, உட்கார இடம். மருத்துவமனைக்கு எதிர்ப்புறச் சந்து ஒன்றில் மனை.

ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடத்துக்கு இன்று வங்காளம், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சந்துகளில் கடைப் பலகையில் வங்காள எழுத்து இருக்கும், கடுகெண்ணெய் வாசனை வரும். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற தெரு. ஆனால் ஸைட் விசிட் என்று போய் நிற்கும்போதுதான் தெரிந்தது, நான் அதைப் பார்த்ததே இல்லை.

காலை ஆறு மணிக்குப் போய் நோட்டோடு ஒரு லாட்ஜ் படியில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் வந்தார். "இன்னாம்மா எழுதிக்கினு கீறே? கார்ப்பரேஷனா?" படிக்கிற பெண் என்றதும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவரே சொல்லத் தொடங்கினார். வருகிறவர்கள் ஓட்டல் சாப்பாட்டை ஒரு வாரத்துக்குமேல் தாங்க மாட்டார்கள், அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அவர்களே சமைத்துக்கொள்வார்கள். பகலில் யாரும் அறையில் இருப்பதில்லை. ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில், திண்ணையில், மூடிய கடை வாசலில் என்று நிழல் நகர நகர நகர்ந்து உட்காருவார்கள். மழை பலமாக அடித்தால் அந்தச் சந்தில் தண்ணீர் முட்டி வரை வரும்.

இந்த மூன்றும்தான் என் டிசைன். கல்லூரியில் உட்கார்ந்து யோசித்திருந்தால் 24 அறையை வரிசையாக அடுக்கி, வாசலில் ஒரு தாமரை வடிவ நீரூற்று வைத்திருப்பேன். சிரிக்காதீர்கள், முதல் வாரம் அப்படித்தான் வைத்தேன். கான்செப்ட் என்று சொல்லி மேலிருந்து பார்த்தால் பறவை, பக்கத்திலிருந்து பார்த்தால் படகு என்று வரைவது எல்லாருக்கும் வரும் அம்மை. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு நட்சத்திர வடிவப் பாதையில் நடந்து போயிருப்பீர்கள். நடக்கும்போது நட்சத்திரம் தெரியாது. திருப்பம் தெரியும், இன்னும் எவ்வளவு தூரம் என்ற எதிர்பார்ப்பு தெரியும், ஓரிடத்தில் திடீரென்று தங்கம் மின்னுவது தெரியும். வடிவம் எதுவாகவும் இருக்கட்டும். நடக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கத் தொடங்கினால் அம்மை இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

டிஸ்கஷன்

ஸ்டூடியோவின் உயிர் இதுதான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், ஆசிரியர் உங்கள் மேஜைக்கு வந்து பக்கத்தில் உட்காருவார். நீங்கள் வரைந்ததைக் காட்டிப் பேச வேண்டும். வரையாமல் வாயால் மட்டும் பேசினால், "ஷீட்டுல இல்லாதது பில்டிங்ல இல்ல" என்று எழுந்து போய்விடுவார். நல்ல ஆசிரியர் உங்கள் தாள்மேல் கை வைக்க மாட்டார். பட்டர் ஷீட் என்கிற மெல்லிய, ஒளி ஊடுருவும் தாள் ஒன்றை அதன்மேல் விரித்து, அதில் பென்சிலால் கிறுக்குவார். உங்கள் கோடு கீழே அப்படியே இருக்கும். அவருடையது மேலே. எடுத்துக்கொள்வதும் கசக்கிப் போடுவதும் உங்கள் இஷ்டம்.

என் முதல் டிஸ்கஷனை அப்படியே சொல்கிறேன். தண்ணீர் முட்டி வரை வரும் என்று கேட்டுக்கொண்டு வந்ததால் கட்டடத்தின் தரை மட்டத்தைத் தெருவிலிருந்து 90 சென்டிமீட்டர் தூக்கியிருந்தேன். வாசலில் ஆறு படி. ஆறு பதினைந்து தொண்ணூறு, கணக்கு சரி. பெருமையாகக் காட்டினேன்.

மேடம் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரும்மா இங்க தங்கறாங்க?"

"பேஷன்ட்டோட வர்றவங்க மேம்."

"பேஷன்ட் எங்க தங்குவார்? ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆனவர், பத்து நாள் கழிச்சு செக்கப்புக்கு வரச் சொன்னா எங்க இருப்பார்?"

இங்கேதான் இருப்பார். சக்கர நாற்காலியில். ஆறு படிக்குக் கீழே.

மூலையில் மூன்று மீட்டர் இடம் இருந்தது. அதில் அவசரமாக ஒரு சாய்தளம் வரைந்தேன். அவர் சிரித்துவிட்டார். "இது ராம்ப் இல்லம்மா, சறுக்குமரம்."

கணக்கு இதுதான். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு விகிதம் 1:12. ஓர் அலகு ஏற, பன்னிரண்டு அலகு நீளம் வேண்டும். 90 சென்டிமீட்டர் ஏற 10.8 மீட்டர். அவ்வளவு நீளத்தை ஒரே மூச்சில் ஏற முடியாது, நடுவில் நிற்க ஒன்றரை மீட்டர் சமதளம். மொத்தம் 12.3 மீட்டர். எனக்கு முன்னால் கிடைத்ததோ மூன்று மீட்டர். சரி, தரையை இறக்கலாமா? இறக்கினால் மழைத் தண்ணீர் அறைக்குள் வரும். ராம்பை மடக்கலாமா? மடக்கினால் வாசல் போய்விடும். அன்று மேடம் விடை சொல்லாமலே அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தெரியும்தானே, சொல்லிவிட்டுப் போனால் என்ன?

பத்து நாள் அந்த 12.3 மீட்டரோடு மல்லுக்கட்டினேன். எங்கே வைத்தாலும் கட்டடத்தின் மேல் ஒட்டவைத்த வால் மாதிரி நின்றது. ஒன்பதாவது பட்டர் ஷீட்டோ பத்தாவதோ, சலிப்பில் ராம்பை முதலில் வரைந்துவிட்டுக் கட்டடத்தை அதைச் சுற்றிப் போட்டேன். நடுவில் முற்றம், முற்றத்தை ஒட்டி ராம்ப், ராம்பின் ஓரமாக நீளத்துக்கும் திண்ணை. அப்போதுதான் வாட்ச்மேன் சொன்னது நினைவுக்கு வந்தது. பகலில் யாரும் அறையில் இருப்பதில்லை, நிழலோடு நகருவார்கள். திண்ணை ஏறிக்கொண்டே போவதால் காலையில் கீழே நிழல், மதியம் மேலே நிழல். சக்கர நாற்காலியில் போகிறவர் பின்வாசல் வழியாகத் தனியாகப் போக வேண்டியதில்லை, எல்லாரும் அதே வழிதான். ஆறு படியை அழித்துவிட்டேன்.

அன்று மேடம் சொல்லியிருந்தால் ராம்ப் கிடைத்திருக்கும். இந்தக் கட்டடம் கிடைத்திருக்காது. அவர் மேலிருந்த கோபம் எனக்கு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அந்தப் பத்து நாளில் மூன்று கிலோ இளைத்தேன்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னலை வடக்கே வை, வெயில் வராமல் வெளிச்சம் மட்டும் வரும் என்று படித்திருப்போம். குளிர் நாட்டுப் பாடம் அது. வேலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்புறம் ஆகஸ்ட் நடு வரை அது உச்சிக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆக, கத்திரி வெயிலிலும் அதற்குப் பிறகும் வடக்கு ஜன்னலுக்கும் ஒரு சிறு மறைப்பு வேண்டும். மேற்குச் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாலையில் குடித்த சூட்டைச் செங்கல் சுவர் நாம் தூங்கப் போகும் நேரத்தில்தான் உள்ளே விடும். அதனால் மேற்குப் பக்கம் அறை வைக்காமல் படிக்கட்டும் குளியலறையும் வைத்தேன். வேலூரில் வீடு கட்டுகிற யாருக்கும் இதை இலவசமாகச் சொல்வேன்.

அட்டை, பிளேடு, டவுன் பஸ்

இனி அந்த அம்மா கேட்ட அட்டைக்கு வருவோம். மாடல் என்பது முடித்துவிட்டுக் காட்டுகிற பொம்மை என்று நினைக்கிறோம். கடைசி மாடல் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரா வாரம் வெட்டுகிறார்களே, அது யோசிக்கிற அட்டை. கல்யாணப் பத்திரிகை, பழைய கார்ட்டன் எது வேண்டுமானாலும் போதும். 1:200-இல் ஒரு சுவரை நிறுத்தி, செல்போன் டார்ச்சைச் சூரியனாகப் பிடித்து, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, சுவரைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டுவோம். உங்கள் பெண் காலையில் எடுத்துப் போனதும் மாலையில் வெட்டுவதும் வேறு வேறு அட்டையாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஒரே அட்டையை ஒரு மாதம் தூக்கிக்கொண்டு போனால்தான் கவலைப்பட வேண்டும்.

செலவு வரும். சன்போர்டு, மவுண்ட் போர்டு, ஏ1 தாள், கட்டர் பிளேடு, ஃபெவிக்விக். முதல் வருடமே கடையில் காட்டுவதையெல்லாம் வாங்கிவிட வேண்டாம். சீனியர்களிடம் பாதி கிடைக்கும். பிளேடில் மட்டும் கஞ்சம் வேண்டாம். மழுங்கின பிளேடை அழுத்தும்போதுதான் வழுக்கி விரலில் ஏறும், என் இடது கட்டைவிரல் சாட்சி. கணினி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் என்கிற வரையும் மென்பொருள்கள் எல்லாம் இரண்டாம் வருடத்திலிருந்து தானாக வந்துவிடும். திரையில் பெரிதாக்கிக்கொண்டே போகலாம் என்பதால் எது பெரியது எது சின்னது என்ற உணர்வு மட்டும் மழுங்கும், அதற்கு அட்டைதான் மருந்து.

என் கடைசி மாடலைக் காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன். காலை எட்டு மணிக் கூட்டம். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கொலுவுக்கா?" என்றார். இடம் பிடித்துக் கொடுத்தார், பாவம். ஒரு ஸ்பீட் பிரேக்கரில் பக்கத்துப் பெரியவருடைய பை என் முற்றத்துக்குள் இறங்கிவிட்டது. ராம்ப் இரண்டாக உடைந்தது. பத்து நாள் மல்லுக்கட்டின ராம்ப்.

ஜூரி

ஜூரி என்றால் செமஸ்டர் கடைசியில் சுவரில் ஷீட்டுகளை ஒட்டிவிட்டு, மாடலை முன்னால் வைத்துவிட்டு, வெளியிலிருந்து வந்த இரண்டு மூன்று ஆர்க்கிடெக்ட்டுகள் முன் உங்கள் கட்டடத்தைப் பற்றிப் பேசுவது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். கேள்வி கேட்பார்கள். வகுப்பே பின்னால் நின்று கேட்கும். பரீட்சைபோலப் பயப்படுகிறார்கள், புரிகிறது, எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் பரீட்சையில் விடை அவர்களுக்குத் தெரியும். ஜூரியில் உங்கள் கட்டடத்தை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். மனைக்கு வந்திறங்கிய புது ஆள் மாதிரி, எங்கே செருப்பைக் கழற்றுவது என்பது வரை கேட்பார்கள்.

உடைந்த ராம்பை செலோடேப் போட்டு நிறுத்திவிட்டு, நன்றாகத்தான் பேசினேன். மழை, 1:12, திண்ணை, நிழல். தலையாட்டினார்கள். கடைசியில் ஒரு வயதான ஆர்க்கிடெக்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "துணி எங்கம்மா காயும்?"

24 அறை. நோயாளி, துணைக்கு வந்தவர், தினமும் துவைக்கிற போர்வை, துண்டு. ஒரு கொடி கட்ட இடம் இல்லை. மொட்டை மாடிக்குப் படியே வைக்கவில்லை நான். அந்தச் சந்தில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்திருந்தபோது என் தலைக்குமேல் ஒவ்வொரு பால்கனியிலும் புடவையும் லுங்கியும்தான் தொங்கிக்கொண்டிருந்தன. நோட்டில் ஸ்கெட்ச்கூட இருந்தது. ஸ்கெட்ச்சில் துணியை வரைந்திருக்கிறேன், டிசைனில் விட்டுவிட்டேன்.

மதிப்பெண் குறைந்தது. அதைவிட, இன்று வரை எந்த வீட்டுக்கு பிளான் போட்டாலும் முதலில் கொடிக்கு இடம் பார்க்கிறேன். எல்லா ஜூரியும் இப்படி நியாயமாக நடக்கும் என்று சொல்ல வரவில்லை. எதிரில் நிற்பது இருபது வயதுப் பிள்ளை என்பதை மறந்து நக்கல் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மாடலைத் தட்டிவிட்டு "இது என்ன குப்பை" என்றவர் முன் தோழி ஒருத்தி அழுததும் நினைவிருக்கிறது. இப்போது நானே அவ்வப்போது ஜூரிக்குப் போகிறேன். கட்டடத்தைக் கிழி, பிள்ளையைக் கிழிக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டுதான் உட்காருகிறேன்.

ராத்திரி முழிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து எகோல் தே போஸார் பள்ளியில், கெடு முடிந்ததும் மாணவர்களின் வரைபடங்களைச் சேகரிக்க ஒரு தள்ளுவண்டி வரும். அதற்குப் பிரெஞ்சில் ஷாரெட். வண்டி நகர்ந்த பிறகும் கடைசிக் கோட்டை இழுத்தபடி இருப்பார்களாம். கடைசி நேர ஓட்டத்துக்கே உலகம் முழுக்க அந்தச் சொல் நின்றுவிட்டது. நம் ஊரில் அதற்கு 'சப்மிஷன் நைட்'. ஹாஸ்டல் வராந்தாவில் பத்துப் பேர், ஒரு ஃபேன், பாதி ஆறின ஆம்பூர் பிரியாணி, யாரோ கடன் வாங்கிப்போன ஸ்கேலைத் தேடி ஒரு சண்டை. சுகமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் மூன்று ராத்திரி தூங்காததைப் பெருமையாகச் சொல்லும் பழக்கம் இந்தப் படிப்பைப் பிடித்த நோய். விடியற்காலை நாலு மணிக்கு எடுத்த முடிவு ஒன்றுகூட எனக்கு உருப்பட்டதில்லை. மொட்டை மாடிப் படியை மறந்ததும் அப்படி ஒரு ராத்திரியில்தான். நல்ல ஷீட் போடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு வாரம் முன்னாலேயே டிசைனை நிறுத்திவிட்டு வரைய மட்டும் செய்கிறவர்கள். நிறுத்துவதுதான் கஷ்டம். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு பட்டர் ஷீட் என்று இழுக்கும். வீட்டில் இருப்பவர்கள் "ஏன் தூங்கல" என்று கேட்பதைவிட, "பிளான் எப்ப ஃப்ரீஸ் பண்ணப் போற?" என்று கேளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளை உங்களை வேறு மாதிரி பார்க்கும்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, சேரப் போற பசங்க இப்பவே இன்னா வாங்கி வெச்சுக்கணும்?" என்றார். ஐந்து மீட்டர் இரும்பு டேப் ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பென்சில். வீட்டு வாசலிலிருந்து தொடங்கலாம். நான் சேர்ந்த முதல் வாரம் எங்கள் வீட்டு வாசற்படியை அளந்தேன். மூன்று படி. 15, 15, 19. அம்மா அந்த மூன்றாவது படியில் வாரத்துக்கு ஒரு தடவையாவது தடுக்கிக்கொள்வாள். "கண்ணைத் தொறந்துகிட்டு நட" என்று அப்பா திட்டுவார்.